உயிரணுவின் மூச்சைக் கண்டவர்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – விலங்கியல்)

மூச்சு நின்றால் பேச்சும் நின்றது என்பார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். மூச்சு என்பது மூக்கும் நெஞ்சும் செய்யும் வேலை என்றுதான் கல்லூரிக்கு வரும் வரை நானும் எண்ணியிருந்தேன். செல் உயிரியல் பாடம் நடந்தபோதுதான் உண்மை விளங்கியது. நாம் இழுக்கும் காற்று நுரையீரலோடு நின்றுவிடுவதில்லை. இரத்தத்தில் ஏறி உடலின் கோடானுகோடிச் செல்களையும் சென்றடைகிறது. அங்கே செல்கள் தனித்தனியே மூச்சு விடுகின்றன. அந்த உள்மூச்சைத் தம் கண்ணாலேயே கண்டு உலகுக்குக் காட்டிய ஒரு பெரியாரின் வரலாற்றையே இக்கட்டுரையில் என் நண்பர்களுக்குச் சொல்ல விழைகிறேன். அவர் பெயர் டேவிட் கெய்லின்.

நியூட்டனையும் டார்வினையும் அறிந்த அளவுக்கு நம்மில் பலர் கெய்லினை அறிய மாட்டோம். ஆனால் உயிர்வேதியியல் உலகில் அவர் புகழ் பெற்றவர். செல்லின் மூச்சுக்குக் காரணமான சைட்டோகுரோம் என்னும் புரதங்களுக்குப் பெயர் சூட்டியவர் அவரே. அப்புரதங்களுள் ஒன்று செல்லின் வாழ்வுக்கு மட்டுமன்றி அதன் சாவுக்கும் திறவுகோலாக இருக்கிறது என்பது அவர் மறைந்து 33 ஆண்டுகள் கழித்தே தெரிய வந்தது. ஒரு மனிதர் விதைத்தது அவருக்குப் பின்னும் எத்தனை காலம் முளைத்துக்கொண்டே இருக்கும் என்பதற்கு இவரது வாழ்க்கை நல்ல சான்று.

பிறப்பும் இளமையும்

கெய்லின் 1887ஆம் ஆண்டு மார்ச் 21ஆம் நாள் மாஸ்கோ நகரில் பிறந்தார். பெற்றோர் போலந்து நாட்டு யூதர்கள். அக்காலத்தில் வார்சா நகரமும் அதைச் சுற்றியிருந்த போலந்துப் பகுதிகளும் ரஷ்யப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தன. சில ஆண்டுகளில் குடும்பம் வார்சாவுக்கே திரும்பியது. சிறுவன் டேவிட்டுக்குப் பிறவியிலேயே மெலிந்த உடல். போதாக்குறைக்கு ஆஸ்துமா என்னும் இரைப்பு நோய் வேறு. மற்றப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு ஓடிய வயதில் அவருக்கு வீட்டில்தான் பாடம். பத்து வயதுக்குப் பிறகே பள்ளிக்கூடத்தைப் பார்த்தார்.

மூச்சு விடவே துன்பப்பட்ட ஒரு பிள்ளை, பிற்காலத்தில் உயிர்களெல்லாம் எப்படி மூச்சு விடுகின்றன என்பதைக் கண்டறிந்தது எவ்வளவு பெரிய விந்தை! இதைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

1904இல் பெல்ஜியம் நாட்டின் லியேஜ் பல்கலைக்கழகத்திற்கு மருத்துவம் கற்கச் சென்றார். ஆனால் இரவு பகல் பாராது நோயாளிகளிடம் ஓடும் மருத்துவத் தொழிலை அவர் உடல் தாங்காது என்று தோன்றியது. மருத்துவக் கனவை விட்டுவிட்டுப் பாரிசுக்குப் போனார். இன்ன படிப்பு என்று இல்லாமல், பிடித்த சொற்பொழிவுகளைக் கேட்டுக்கொண்டு அங்கே காலம் கழிந்தது.

மழை காட்டிய வழி

நம் ஊர்ப் பக்கம், எழுத்தறியாதவரைக் கேலி செய்ய ஒரு வழக்கு உண்டு. மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவர் என்பார்கள். என் தாத்தாவையும் அப்பாவையும் பற்றி ஊரில் அப்படிச் சொல்லக் கேட்டு நான் வளர்ந்தவன். அதனால்தானோ என்னவோ, கெய்லினின் வாழ்வில் அடுத்து நடந்த நிகழ்ச்சி என் மனத்தை விட்டு நீங்குவதே இல்லை.

பாரிசில் ஒரு நாள் நல்ல மழை. நனைந்தால் இரைப்பு கூடிவிடும். ஒதுங்க இடம் தேடிய கெய்லின், பக்கத்தில் இருந்த ஒரு விரிவுரைக் கூடத்துக்குள் நுழைந்தார். அங்கே மோரிஸ் கோலரி என்ற பேராசிரியர் விலங்கியல் விரிவுரை ஆற்றிக்கொண்டிருந்தார். மழைக்கு ஒதுங்கியவர் பாடத்தில் மூழ்கிப்போனார். பின்னர் கோலரியின் ஆய்வுக்கூடத்திலேயே மாணவராகச் சேர்ந்துவிட்டார். மருத்துவராக வேண்டும் என்று புறப்பட்டவரை ஒரு மழை விலங்கியலாளர் ஆக்கிவிட்டது.

அவர் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி, கேட்பவர் முகம் சுளிக்கக் கூடியது. மண்புழுவின் உடலுக்குள் ஒட்டுண்ணியாக வாழும் ஒருவகை ஈயின் புழுப் பருவத்தை அவர் ஆராய்ந்தார். 1909இல் அதுபற்றிய கட்டுரை வெளிவந்தது. ஈக்களும் அவற்றின் புழுக்களுமே அடுத்த பல ஆண்டுகள் அவருக்கு உலகம். 1915இல், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஒட்டுண்ணியியல் பேராசிரியராக இருந்த நட்டால் அவரைத் தம் ஆய்வு உதவியாளராக அழைத்துக்கொண்டார். 1921இல் அங்கே மோல்டீனோ ஆய்வு நிலையம் திறக்கப்பட்டது. கெய்லின் தம் வாழ்நாள் முழுவதையும் அந்த நிலையத்திலேயே கழித்தார்.

குதிரை வயிற்றுப் புழு

குதிரைகளைத் துன்புறுத்தும் ஈ ஒன்று உண்டு. அது குதிரையின் உடல் மயிரில் முட்டையிடும். குதிரை தன்னை நக்கும்போது அது வாய்க்குள் போய், பொரிந்து, புழுவாகி, இரைப்பையின் சுவரைக் கவ்விக்கொண்டு பல மாதம் வாழும். பிறகு சாணத்தோடு வெளியேறி, மண்ணில் கூட்டுப்புழுவாகி, இறுதியில் ஈயாகப் பறக்கும். இரைப்பைக்குள் ஆக்சிஜன் மிகக் குறைவு. அதைப் பற்றிச் சேர்த்துக்கொள்வதற்காக, நம் இரத்தத்தில் உள்ளது போன்ற ஹீமோகுளோபின் அப்புழுவின் உடலிலும் இருக்கிறது. அதனாலேயே புழு சிவந்து காணப்படும்.

கெய்லினுக்கு ஓர் ஐயம் எழுந்தது. புழு ஈயாக மாறிய பின் காற்றுக்குப் பஞ்சமில்லை. அப்படியானால் அந்த ஹீமோகுளோபின் எங்கே போகிறது? இது ஒரு சிறு கேள்வி. விடை தெரிந்தால் எந்தக் குதிரையின் நோயும் தீரப் போவதில்லை. ஆயினும் அவருக்கு அதை விட்டுவிட மனமில்லை.

ஒளியைப் பிரித்துப் பார்க்கும் நிறமாலைக் கருவியை நண்பர்கள் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் பார்த்திருப்பார்கள். வெள்ளொளி அதில் வானவில்லாக விரியும். இடையில் நிறமுள்ள ஒரு பொருளை வைத்தால், அது விழுங்கிக்கொண்ட ஒளியின் இடத்தில் கறுப்புப் பட்டைகள் தோன்றும். ஆளுக்கொரு கைரேகை போல, பொருளுக்கொரு பட்டை வரிசை. நுண்ணோக்கியில் பொருத்திய அத்தகைய ஒரு சிறு கருவியில் கெய்லின் ஈயின் மார்புத் தசையை வைத்துப் பார்த்தார். ஹீமோகுளோபினின் பட்டைகள் அங்கே இல்லை. ஆனால் வேறு நான்கு பட்டைகள் தெளிவாகத் தெரிந்தன. அவை யாருடைய கைரேகை? அதுதான் புதிர்.

அவர் மற்றப் பூச்சிகளைப் பார்த்தார். அவற்றிலும் அதே நான்கு பட்டைகள். தேன்கூட்டை அரிக்கும் மெழுகு அந்துப்பூச்சியை உயிரோடு கருவியின் கீழ் வைத்துப் பார்த்தார். அது சிறகை அடித்துத் துடித்தபோது பட்டைகள் தோன்றின, ஓய்ந்திருந்தபோது மங்கின. உயிரோடு இருக்கும் ஓர் உடலுக்குள் மூச்சு நடப்பதை அவர் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரொட்டிக்கடை ஈஸ்ட்

இனி வருவது எனக்கு மிகவும் நெருக்கமான பகுதி. என் தந்தையார் எங்கள் ஊர் ரொட்டிக்கடை ஒன்றில் மாவு பிசைபவர். விடியற்காலை இரண்டு மணிக்கு எழுந்து போய், ஈஸ்ட் கரைத்து மாவில் சேர்த்துப் பிசைந்து வைப்பார். அது பொங்கி வரும் வரை காத்திருந்து அடுப்பில் ஏற்றுவார்கள். அந்த ஈஸ்டின் மணம் அவர் கையைவிட்டு ஒருநாளும் போனதில்லை.

கெய்லின் அந்த ஈஸ்டைத்தான் எடுத்துக்கொண்டார். ரொட்டி ஈஸ்டை நீரில் கரைத்து ஒரு சோதனைக் குழாயில் ஊற்றிக் கருவியின் முன் பிடித்தார். நான்கு பட்டைகளும் தெரிந்தன. குழாயை நன்றாகக் குலுக்கினார். காற்று கலந்ததும் பட்டைகள் மறைந்தன. குலுக்குவதை நிறுத்திச் சில நொடி காத்திருந்தார். ஈஸ்ட் அந்த ஆக்சிஜனைத் தின்று தீர்த்ததும் பட்டைகள் மீண்டும் வந்து நின்றன. மறுபடி குலுக்கினால் மறைவு, நிறுத்தினால் வருகை. சயனைடு நஞ்சைச் சிறிது சேர்த்த பிறகு எவ்வளவு குலுக்கினாலும் பட்டைகள் மறையவே இல்லை. சயனைடு ஏன் உயிரைக் கொல்கிறது என்பதற்கு அந்தக் குழாயே விடை சொல்லிவிட்டது. அந்நஞ்சு செல்லின் உள்மூச்சை அடைத்துவிடுகிறது.

ஈயிலும் ஈஸ்டிலும் செடியிலும் விலங்கிலும் ஒரே பொருள்! அதற்குச் சைட்டோகுரோம், அதாவது செல்லின் நிறமி, என்று அவர் பெயரிட்டார். அது தனிப் பொருள் அன்று, ஏ, பி, சி என மூன்று பொருள்களின் கூட்டு என்பதையும் கண்டார். இவற்றையெல்லாம் விளக்கி 1925இல் லண்டன் ராயல் கழகத்தின் வெளியீட்டில் கட்டுரை எழுதினார்.

இதைப் படித்த அன்று இரவு அப்பாவிடம் போய், நீங்கள் நாள்தோறும் பிசையும் மாவிலும் உங்கள் நெஞ்சிலும் ஒரே வகையான மூச்சுதான் ஓடுகிறது என்று சொன்னேன். அவர் தம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு, அதனால்தான் காற்றுப் படாத மாவும் காற்றுப் பட்ட மாவும் வேறு மாதிரி வருகிறதோ என்று என்னைக் கேட்டார். பள்ளிக்கூடம் காணாத அவர் கேட்ட அந்தக் கேள்விக்கு நான் எங்கள் பாடநூலைப் புரட்டித்தான் விடை சொல்ல முடிந்தது.

மறக்கப்பட்ட மருத்துவர்

கெய்லினின் அறிவைவிட அவரது நெஞ்சம் பெரிது என்பதைக் காட்டும் செய்தி ஒன்று உண்டு.

பட்டைகளைப் பற்றிப் பழைய நூல்களைத் துருவியபோது, தமக்கு ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் அவற்றைப் பார்த்துவிட்டார் என்பது கெய்லினுக்குத் தெரிய வந்தது. அவர் சார்லஸ் மக்மன். அயர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டன் நகரில் மருத்துவத் தொழில் செய்தவர். பெரிய பல்கலைக்கழகம் எதிலும் அவர் பதவி வகிக்கவில்லை. பகலெல்லாம் நோயாளிகளைப் பார்த்துவிட்டுத் தம் வீட்டுக் குதிரை லாயத்தின் மேல்மாடியில் அமைத்துக்கொண்ட சிறு அறையில் ஆராய்ச்சி செய்தார். பலவகை விலங்குகளின் தசைகளிலும் உறுப்புகளிலும் அந்தப் பட்டைகள் இருப்பதை 1884 முதல் 1886 வரை எழுதினார். அவை மூச்சோடு தொடர்புடையவை என்றும் கூறினார்.

ஜெர்மனியில் ஹோப்பெ சைலர் என்ற பேராசிரியர் இருந்தார். ஹீமோகுளோபினுக்கு அப்பெயரைச் சூட்டியவர் அவரே. துறையின் முதன்மை இதழுக்கு ஆசிரியரும் அவரே. மக்மன் கண்டது புதிய பொருளே அன்று, சிதைந்த ஹீமோகுளோபின்தான் என்று அவரும் அவர் மாணவரும் மறுத்தார்கள். மக்மன் பதில் எழுதினார். ஆனால் இதழாசிரியர் விவாதத்தை முடித்துவைத்துவிட்டார். பெரியவர் சொல் அம்பலம் ஏறியது. சிறியவர் சொல் ஏறவில்லை. பாடநூல்களிலிருந்து மக்மனின் பெயர் மெல்ல மறைந்தது. 1911இல் அவர் மறைந்தபோது அவரது கண்டுபிடிப்பை ஏற்றுக்கொண்டவர் மிகச் சிலரே.

கெய்லின் நினைத்திருந்தால் அந்தப் பழைய கட்டுரைகளைக் கண்டும் காணாதவர் போல இருந்திருக்கலாம். கேட்பாரும் இல்லை. ஆனால் 1925ஆம் ஆண்டுக் கட்டுரையின் தொடக்கத்திலேயே மக்மன் கண்டவற்றை விரிவாக எடுத்துரைத்து, இறந்துபோன அந்த மருத்துவருக்கு உரிய பெருமையை வழங்கினார். மக்மன் எங்கே தவறினார் என்பதையும் நேர்மையாகக் குறித்தார். இறுதிக் காலத்தில் எழுதிய வரலாற்று நூலிலும் அவரை மறக்கவில்லை.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். நாம் சொல்வதை நாலு பேர் கேட்பார்களா என்ற அச்சம் நம் நெஞ்சின் ஓரத்தில் எப்போதும் உண்டு. செய்முறை வகுப்பில் நுண்ணோக்கியில் ஒன்றைக் கண்டால்கூட, நூலில் இருப்பது போல இல்லையே என்று நம் கண்ணையே ஐயுற்று, நூலைப் பார்த்துப் படம் வரைந்து விடுவோரும் நம்மிடையே உண்டு. மக்மனின் கதை எனக்கு ஓர் உண்மையைச் சொல்லியது. நேர்மையாகப் பார்த்து எழுதி வைத்தது அழிவதில்லை. அதைக் கண்டெடுக்க ஒரு கெய்லின் வருவார். அவர் வரும் வரை அது காத்திருக்கும்.

மூச்சுச் சங்கிலி

அக்காலத்தில் செல்லின் மூச்சைப் பற்றி இரு கட்சிகள் இருந்தன. ஆக்சிஜனைத் தூண்டும் இரும்புள்ள நொதியே எல்லாவற்றுக்கும் காரணம் என்றார் ஜெர்மானிய அறிஞர் ஓட்டோ வார்பர்க். அவருக்கு 1931இல் நோபல் பரிசு கிடைத்தது. இல்லை, உணவிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்தெடுக்கும் நொதிகளே முதன்மை என்றது மற்றக் கட்சி. கெய்லின் இரண்டையும் இணைத்தார். உணவிலிருந்து வரும் எலக்ட்ரான்களைச் சைட்டோகுரோம்கள் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கி இறுதியில் ஆக்சிஜனிடம் சேர்க்கின்றன. வீடு கட்டும் இடத்தில் சித்தாட்கள் வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றுவார்களே, அது போல. வரிசையில் இறுதி ஆளாக நிற்பது சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்னும் நொதி. அவரும் ஹார்ட்ரீ என்ற துணைவரும் குதிரை இதயத் தசையைக் கொண்டு இவ்வரிசையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர்.

இந்த வரிசை செல்லில் எங்கே இருக்கிறது என்பது 1940களில் பிறர் செய்த ஆய்வுகளால் தெரிந்தது. மைட்டோகாண்ட்ரியா என்னும் சிறு உறுப்புகளே அதன் இருப்பிடம். எலக்ட்ரான் கைமாறும்போது கிடைக்கும் ஆற்றலால் உட்சவ்வின் ஒருபுறம் புரோட்டான்கள் தேக்கப்படுகின்றன. அணையில் தேங்கிய நீர் மின்பொறியைச் சுழற்றுவது போல, அவை திரும்பிப் பாயும்போது ஏ.டி.பி. என்னும் ஆற்றல் நாணயம் உருவாகிறது. இதை 1961இல் விளக்கிய பீட்டர் மிச்செல் 1978இல் நோபல் பரிசு பெற்றார். அவர் தம் நோபல் சொற்பொழிவின் தலைப்பிலேயே கெய்லினின் பெயரைச் சேர்த்துக்கொண்டார்.

மறைவுக்குப் பின் தெரிந்த மறைபொருள்

இனித்தான் வியப்பு. நம் உடலில் நாள்தோறும் ஆயிரக்கணக்கான கோடிச் செல்கள் திட்டமிட்டு மடிகின்றன. இது நோயன்று, ஒழுங்கு. தலைப்பிரட்டையின் வால் மறைவதும், கருவிலுள்ள குழந்தையின் விரல்கள் தனித்தனியே பிரிவதும் இவ்வாறு செல்கள் மடிவதால்தான். இத்தகைய சாவுக்கு 1972இல் கெர், வைலி, கர்ரி என்ற மூவர் அப்போப்டோசிஸ் என்று பெயரிட்டனர். ஆனால் சாவுக்கான கட்டளை செல்லுக்குள் எப்படிப் பிறக்கிறது என்பது விளங்கவில்லை.

1996இல் அமெரிக்காவில் பணியாற்றிய சீன நாட்டு அறிஞர் ஷியாவ்டாங் வாங்கும் அவர் குழுவினரும் செல்லின் சாற்றைப் பிரித்துப் பிரித்து, சாவைத் தொடங்கிவைக்கும் பொருளைத் தேடினர். கிடைத்ததோ, எல்லாரும் நன்கறிந்த சைட்டோகுரோம் சி! மைட்டோகாண்ட்ரியாவின் இரு சவ்வுகளுக்கு இடையே, உட்சவ்வை ஒட்டிக்கொண்டு எலக்ட்ரான் சுமக்கும்போது அது உயிர் காப்பது. அந்த எல்லையைத் தாண்டி வெளியே கசிந்துவிட்டால் அதுவே எமன். வெளியே வந்ததும் வேறொரு புரதத்தோடு சேர்ந்து, ஏழு ஆரங்கொண்ட சக்கரம் போன்ற அமைப்பை உண்டாக்குகிறது. அச்சக்கரம் காஸ்பேஸ் என்னும் வெட்டும் நொதிகளை எழுப்பிவிடுகிறது. செல் தன்னைத் தானே துண்டு துண்டாக்கிக்கொண்டு மடிகிறது. கெய்லின் சோதனைக் குழாயில் கண்ட அதே பொருளுக்கு இப்படி ஒரு மறுமுகம் இருந்தது.

அப்படியானால் அது வெளியே கசியாமல் காப்பவர் யார்? அவையும் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் புரதங்களே. பிசிஎல்-2 என்னும் புரதம் அவற்றுள் முதன்மையானது. 1988இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் டேவிட் வாக்ஸ், சூசன் கோரி, ஜெர்ரி ஆடம்ஸ் ஆகியோர், வளர்ச்சிப் பொருள் கிடைக்காமல் மடிய வேண்டிய இரத்தச் செல்கள் பிசிஎல்-2 மிகுந்திருந்தால் மடியாமல் நிலைப்பதைக் கண்டனர். அது எவ்வாறு என்பது 1997இல் தெளிவாகியது. பாக்ஸ், பாக் என்னும் புரதங்கள் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் ஓட்டை போடுபவை. பிசிஎல்-2, அதன் உடன்பிறப்பான பிசிஎல்-எக்ஸ்எல் ஆகியவை அவற்றைப் பிடித்து அடக்கிவைக்கின்றன. ஓட்டை விழாவிட்டால் சைட்டோகுரோம் சி வெளியேறாது, செல்லும் சாகாது. வாசலில் நிற்கும் காவற்காரர் போன்றவை இப்புரதங்கள்.

காவற்காரரும் அளவோடு இருக்க வேண்டும். மூளை, இதயம் போன்ற உறுப்புகளில் செல்கள் வீணாய் மடியாமல் காப்பது நன்மை. ஆனால் ஒருவகை நிணநீர்ப் புற்றுநோயில் 18ஆம் குரோமோசோமில் உள்ள பிசிஎல்-2 மரபணு 14ஆம் குரோமோசோமுக்கு இடம் மாறி அளவுமீறி வேலை செய்கிறது. சாக வேண்டிய செல் சாகாமல் பெருகுகிறது. சாகாமை என்பதே இங்கு நோய்! அந்தக் காவற்காரரை அகற்றும் வெனெட்டோகிளாக்ஸ் என்ற மருந்து 2016இல் அமெரிக்காவில் ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்கு ஒப்புதல் பெற்றது. குதிரை ஈயின் தசையில் தொடங்கிய பாதை மருத்துவமனைப் படுக்கை வரை வந்து சேர்ந்துவிட்டது.

இன்னொரு செய்தியும் உண்டு. 1938இல் கெய்லினும் தாடியஸ் மான் என்பவரும் இரத்தத்திலிருந்து செம்பு கலந்த ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தனர். அதற்கு என்ன வேலை என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. 1969இல்தான் மக்கார்டு, ஃபிரிடோவிச் என்ற இருவர் விடை கண்டனர். ஆக்சிஜனிலிருந்து பிறக்கும் கொடிய துணுக்குகளை அழிக்கும் காவல் நொதி அது. மாங்கனீசு கலந்த அதன் மற்றொரு வடிவம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளேயே இருந்து காக்கிறது. அது இல்லாமல் பிறக்கும்படி செய்யப்பட்ட சுண்டெலிக் குட்டிகள் சில நாள்களிலேயே இதயம் கெட்டு இறந்துபோயின என்று 1995இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அடுப்பு எரியும் வீட்டில் தீப்பொறியை அணைக்கவும் ஆள் வேண்டுமல்லவா?

பண்பும் புகழும்

1928இல் ராயல் கழகத்தின் உறுப்பினரானார் கெய்லின். 1931இல் நட்டாலுக்குப் பின் பேராசிரியராகவும் மோல்டீனோ நிலையத்தின் இயக்குநராகவும் பொறுப்பேற்று 1952 வரை பணியாற்றினார். 1951இல் ராயல் கழகத்தின் மிக உயர்ந்த சிறப்பான காப்லி பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. நோபல் பரிசு மட்டும் கிடைக்கவில்லை.

ஆனால் பிறர் அப்பரிசைப் பெற அவர் தோள் கொடுத்திருக்கிறார். வியன்னாவிலிருந்து கேம்பிரிட்ஜுக்கு வந்த மாக்ஸ் பெரூட்ஸ் ஹீமோகுளோபினின் வடிவத்தை ஆராய்ந்தபோது, புரதங்களைக் கையாள அவருக்கு இடமில்லை. கெய்லின் தம் நிலையத்தில் மேசை கொடுத்தார். பெரூட்சின் பணிக்கு நிலையான ஆதரவு இல்லாதிருந்த நிலையில், மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தை அணுகலாம் என்று வழிகாட்டியவரும் அவரே. பெரூட்சும் கென்ட்ரூவும் 1962இல் நோபல் பரிசு பெற்றனர். அதைக் காணும் பேறு முதியவர் கெய்லினுக்குக் கிடைத்தது.

இரைப்பு நோய் அவரை விட்டுப் போகவில்லை. ஆயினும் ஓய்வுக்குப் பின்னும் ஆராய்ச்சியை நிறுத்தவில்லை. உலர்ந்து சருகாகி, மூச்சும் அசைவும் நின்று, பின்பு ஒரு துளி நீர் பட்டதும் எழுந்து நடக்கும் நுண்ணுயிர்களைப் பற்றி 1959இல் வெளிவந்த சொற்பொழிவில் விரிவாக ஆராய்ந்தார். வாழ்வும் அன்று, சாவும் அன்று என்ற அந்நிலைக்குக் கிரிப்டோபயோசிஸ், அதாவது மறைந்த உயிர்நிலை, என்ற பெயரைத் தந்தார். உயிருக்கும் சாவுக்கும் இடைப்பட்ட எல்லைக்கோடு அவரை இறுதிவரை ஈர்த்தது.

1963 பிப்ரவரி 27ஆம் நாள் கெய்லின் கேம்பிரிட்ஜில் மறைந்தார். செல்லின் மூச்சைப் பற்றிய வரலாற்று நூலை அவர் முடிக்காமல் விட்டுச் சென்றார். அறிவியலாளரான அவர் மகள் ஜோன் அதைச் சீர்செய்து 1966இல் வெளிவரச் செய்தார்.

நாம் கொள்ள வேண்டியது

இந்தப் படிப்பைப் படித்து என்ன வேலை கிடைக்கும் என்று உறவினர்கள் என்னைக் கேட்பது உண்டு. அவர்கள் கேட்பதில் தவறில்லை. வீட்டின் நிலை அப்படி. தங்கையின் படிப்பும் என் படிப்பை நம்பி நிற்கிறது. அந்தக் கேள்விக்கு விடையாகக் கெய்லினின் வாழ்க்கையைக் காட்ட முடியாது என்பதும் எனக்குத் தெரியும். ஈயைப் பார்த்தால் வயிறு நிறையாது.

ஆனால் படிக்கும் இந்த மூன்று ஆண்டுகளில் எப்படிப் படிப்பது என்பதற்கு அவர் வாழ்க்கையில் விடை இருக்கிறது. சிறிய கேள்வியை அற்பம் என்று தள்ளாதே. கண்டதைக் கண்டவாறு எழுது. உனக்கு முன் கண்டவனை மறைக்காதே. உன்னிடம் வந்தவனுக்கு மேசையில் இடம் கொடு. இந்த நான்கையும் கடைப்பிடிக்கப் பணம் வேண்டாம், பரம்பரைக் கல்வியும் வேண்டாம். ஆசிரியரானாலும், ஆய்வகப் பணியாளரானாலும், வேறு எந்த வேலைக்குப் போனாலும் இவை நமக்குக் கைகொடுக்கும்.

நம் செல்களுக்குள் இந்நொடியில் சைட்டோகுரோம்கள் எலக்ட்ரான்களைக் கைமாற்றிக்கொண்டிருக்கின்றன. காவற்காரப் புரதங்கள் வாசலில் நிற்கின்றன. ஏழை, பணக்காரன், படித்தவன், படியாதவன் என்ற வேறுபாடு அவற்றுக்கு இல்லை. ஈஸ்டுக்கும் மனிதனுக்கும்கூட அவை பொதுவாக ஒரே வழியில் மூச்சைப் பங்கிட்டுத் தந்துள்ளன. அந்த ஒருமையை முதன்முதலில் தெளிவாகக் கண்டு சொன்ன கெய்லினை, உயிரியல் பயிலும் நாம் நன்றியோடு நினைவில் வைப்போம்.